கப்பலேறிய துறையும் பிறந்த ஊரும்



"எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் காரைக்கால்தான். அவர் வீடு எந்தத் தெருவில் இருந்திருக்கும்?" என்று கேட்டுக்கொண்டு நம் ஊருக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ரீயூனியன் தீவிலிருந்து வருவார்கள், கரீபியத் தீவான குவாதலூப்பிலிருந்து வருவார்கள். முகம் நம் முகம், பேச்சு பிரெஞ்சு. கையில் ஒரு பழைய தாளின் நகல். அதில் காரைக்கால் என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். நாமும் முகம் மலர வரவேற்று, அம்மையார் கோயிலையும் கடற்கரையையும் காட்டி, திருநள்ளாற்றுக்கு வண்டி பிடித்துக் கொடுத்து, வயிறாரச் சாப்பிட வைத்து அனுப்புகிறோம். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்கள் எதைத் தேடி வந்தார்களோ அதற்கு நம்மிடம் பதில் கிடைப்பதில்லை. இந்த இதழில் அதைப் பற்றி உங்களோடு மனம்விட்டுப் பேச நினைக்கிறேன்.

1848இல் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறத் தொடங்கியதும், தோட்ட முதலாளிகளின் பார்வை சோழ மண்டலக் கரைமேல் விழுந்தது. ஐந்து வருட ஒப்பந்தம், மாதக் கூலி, முடிந்ததும் திரும்பிவரக் கப்பல் செலவு என்று ஆசை காட்டி ஆள் சேர்த்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் ஏற்றிய ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவை அடைந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்பில் ஆட்களை இறக்கியது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரிட்டிஷ் இந்தியாவில் ஆள் சேர்த்து பிரெஞ்சுத் துறைகளிலிருந்து அனுப்ப அதன்பிறகு தடையில்லை. ரீயூனியனுக்கான கப்பல்களை பிரிட்டிஷ் இந்திய அரசு 1882இல் நிறுத்தியது. கரீபியக் கப்பல்கள் இன்னும் சில ஆண்டுகள் ஓடின. அதற்குள் ரீயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல், குவாதலூப்புக்கு 42,000 பேர் அளவில், மார்த்தினிக்குக்கு 25,000 பேர் அளவில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் நம் துறையில் ஏறியவர்கள் அல்ல. புதுச்சேரி, சென்னை, கல்கத்தா என்று பல துறைகள் இருந்தன. ஆனாலும் காரைக்காலின் பங்கு பெரிது. அரசலாற்று முகத்தில் பெரிய கப்பல் அணைய முடியாது. கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்க, கரையிலிருந்து படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

இந்த இடத்தில்தான் தேடி வருகிறவர்கள் வழி தவறுகிறார்கள். தாளில் இருக்கும் ‘காரைக்கால்’ பெரும்பாலும் கப்பலேறிய துறை. பிறந்த ஊர் அதுவல்ல. அன்றைய பிரெஞ்சுக் காரைக்கால் கையளவு நிலம். இத்தனை கப்பலை நிரப்ப இங்கே ஏது ஆள்? தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து பஞ்சத்திலும் கடனிலும் கிளம்பியவர்களை ஆள்பிடிகாரர்கள் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். கப்பல் வரும்வரை கிடங்கில் தங்கவைத்து, மருத்துவர் பார்த்த பிறகு ஏற்றினார்கள். அவர்களில் பலருக்கு இந்த ஊர் காத்திருந்த இடம் மட்டுமே.

உலகம் முழுக்க இதே சிக்கல்தான். 1891இல் இவான் பிலிப்பிவ், வாசில் எலெனியாக் என்ற இருவர் நெபிலிவ் என்ற கிராமத்திலிருந்து கனடாவுக்குப் போனார்கள். அங்கே உக்ரைனியர் குடியேற்றம் அவர்களிலிருந்து தொடங்குகிறது. 1914க்குள் ஏறத்தாழ 1,70,000 பேர் அவர்கள் வழியில் போனார்கள். அன்று உக்ரைன் என்றொரு நாடு வரைபடத்தில் இல்லை. அதனால் கப்பல் பட்டியலில் ஆஸ்திரியர், கலீசியர், ருத்தேனியர் என்றெல்லாம் எழுதிவைத்தார்கள். ஏறிய துறை ஹாம்பர்க். பேரப்பிள்ளைகள் ஹாம்பர்க்கில் போய்த் தேடினால் என்ன கிடைக்கும்? கிராமத்தின் பெயர் தெரிந்த பிறகுதான் அவர்களுக்குத் தேவாலயப் பதிவேடு கைக்கு வரும்.

நம்மவர்களுக்கும் கிராமத்தின் பெயர்தான் சாவி. அது எங்கே கிடைக்கும்? போய் இறங்கிய ஒவ்வொருவருக்கும் தீவின் அலுவலகம் ஒரு பதிவு எண் கொடுத்தது. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஊர், கப்பலின் பெயர், வந்த தேதி ஆகியவற்றை எழுதினார்கள். எல்லாக் கட்டமும் எப்போதும் நிரம்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஊர் என்ற இடத்தில் துறையின் பெயரை மட்டும் போட்டு முடித்த எழுத்தர்களும் உண்டு. பிறகு அங்கே பிள்ளை பிறந்தபோது பிறப்புப் பதிவில் தாயின் பதிவு எண்ணையும் குறித்தார்கள். எனவே தேடுகிறவர் தன் பிறப்புச் சான்றில் தொடங்கி, பெற்றோரின் திருமணப் பதிவு, பாட்டனாரின் பிறப்புப் பதிவு என்று பின்னோக்கிப் போனால் அந்த எண்ணில் வந்து நிற்கலாம். அங்குள்ள மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும், பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்திலும் இவை பத்திரமாக இருக்கின்றன. மொரீசியசில் மோகா நகரின் மகாத்மா காந்தி நிறுவனம் அங்கே போன தொழிலாளர்களின் இப்படிப்பட்ட பதிவேடுகளை, அவர்களின் புகைப்படங்களோடு பாதுகாத்து வைத்திருக்கிறது.

அதுவரை அவர்களால் தனியாக வர முடியும். அதற்குப் பிறகு நம் துணை வேண்டும். பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரைத் தமிழ்க் காதுதான் அடையாளம் காணும். நாகப்பன் அங்கே ‘நாகப்பின்’, கருப்பன் ‘கருப்பின்’, பிள்ளை ‘புல்லே’. நம்மிடம் குடும்பப்பெயர் கிடையாது. போனவரின் ஒற்றைப் பெயரே அங்கே வம்சத்தின் பெயராகிவிட்டது. குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்திய வம்சத்தவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904இல் தொடங்கி 1923இல் வெற்றி காணும் வரை போராடியவர். நமக்கு வடக்கே இருக்கும் தில்லையின் பெயர் ஒரு கரீபியத் தீவின் அரசியல் வரலாற்றில் நிற்கிறது. இன்னொன்று: பிரெஞ்சுத் தாள்களில் ‘கிராந்த் அல்தே’ என்று ஓர் ஊர் வரும். இன்றைய வரைபடத்தில் அதைத் தேடி அலுத்துப்போவார்கள். அது நம் திருமலைராயன்பட்டினம். இதைச் சொல்ல நமக்கு ஒரு நிமிடம் போதும்.

தாள் கைவிட்ட இடத்தில் சாமி வழிகாட்டுவதும் உண்டு. ரீயூனியனில் தமிழர் கோயில்களின் முன்னே ஒரு கொடிமரம் நிற்பதைக் காணலாம். அதை ‘நர்குலான்’ கொடிமரம் என்பார்கள். மாரியம்மனையும் மதுரை வீரனையும் கும்பிடுகிற அதே மக்கள், கடலில் காப்பாற்றுகிறவர் என்று சொல்லி நர்குலானுக்கும் கொடியேற்றுகிறார்கள். அவர் வேறு யாருமல்ல, நாகூர் ஆண்டவர். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் நாகூர் மீரான் என்ற பெயர் திரிந்து வழங்குகிறது. நாகூர் இங்கிருந்து பேருந்தில் சற்று நேரப் பயணம். கடல் தாண்டப் போகிறோம் என்ற பயத்தோடு இங்கே காத்திருந்தவர்கள் அந்தத் தர்கா இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டிருப்பார்கள் என்பதே என் எண்ணம். இந்து, முஸ்லிம் என்று அங்கே யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டாக அந்தக் கொடி ஏறிக்கொண்டிருக்கிறது. குடும்பம் எந்தக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறது, என்ன படைக்கிறது என்று விசாரித்தால் எந்தப் பக்கத்துக் கிராமம் என்று நம் பெரியவர்கள் ஓரளவு ஊகித்துவிடுவார்கள்.

நம்மூரில் வேறு விதமான குடும்பங்களும் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, குடும்பப்பெயர் வைத்துக்கொண்டு, சைகோனுக்கும் பாரீசுக்கும் உத்தியோகம் பார்க்கப் போனவர்கள் அவர்கள். அந்த வீடுகளில் பிறப்புப் பதிவும் பென்ஷன் தாளும் பெட்டியில் இருக்கும். கரும்பு வெட்டப் போனவர் வீட்டில் ஒரு தாளும் இல்லை. ‘கப்பலுக்குப் போனவன் திரும்பவே இல்லை’ என்று பாட்டி சொன்ன ஒரு வரிதான் மிச்சம். அந்த வரி இப்போதும் எங்கேயாவது ஒரு கிராமத்தில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அதைக் கேட்டவர்கள் இருக்கும்போதே எழுதிவைத்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். காரைக்கால், மயிலாடுதுறை, நாகை, தஞ்சைப் பக்கத்து வாசகர்கள் உங்கள் வீட்டின் மூத்தவரிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: நம் வம்சத்தில் கப்பலேறிப் போனவர் உண்டா, பெயர் என்ன, எந்த ஊர், குலதெய்வம் எது? சாதி கேட்டுத் தெரிந்தால் எழுதுங்கள். சொல்ல மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். கிடங்கில் சாதிப் பெயரை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. பழைய பத்திரம், ரசீது, கடிதம் இருந்தால் அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், படம் எடுத்து அனுப்பினால் போதும். வெளிநாட்டிலிருந்து தேடி வருகிறவர் உங்கள் வாசலில் நின்றால், "இதுதான் உங்க ஊர்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். தாளை வாங்கி, அதிலுள்ள ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்களிடமிருந்து வருகிற விவரங்களை அடுத்த இதழிலிருந்து தொடர்ந்து வெளியிடுகிறோம். எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்