பாகத்தை நிறுத்தலாம், வரைபடத்தைப் புதைக்கலாமா?

அமெரிக்காவில் வண்டிகள் முன்னெப்போதையும்விட முதுமையில் ஓடுகின்றன. 2024இல் அந்நாட்டுச் சாலைகளில் இருந்த கார்கள், இலகு டிரக்குகளின் சராசரி வயது 12.6 ஆண்டு. இருபது, முப்பது வயதைக் கடந்த பிக்கப்புகள் இன்னும் பண்ணைகளில் வைக்கோல் ஏற்றுகின்றன, கட்டட வேலைக்குப் பலகை சுமக்கின்றன. ஆனால் இதே காலத்தில், அவற்றை உயர்த்துவதற்கான சஸ்பென்ஷன் பாகங்களைச் செய்து விற்கும், வாகனக் கம்பெனியைச் சாராத ஆஃப்டர்மார்க்கெட் நிறுவனங்கள் பழைய மாடல்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. 1983 முதல் 1997 வரை வந்த ஃபோர்டு ரேஞ்சர், 1996 வரையிலான எஃப்-150, நிசான் ஹார்ட்பாடி, செவர்லே எஸ்-10 ஆகியவற்றுக்கு இந்தப் பாகங்களைத் தேடிப் போகிறவருக்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில், ‘தயாரிப்பு நிறுத்தப்பட்டது’ என்பதுதான். அவர்களுடைய கோபம் நியாயமானது. அது சரியான இடத்தில் போய் விழ வேண்டுமானால் நூறாண்டுக் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1910 வாக்கில் அமெரிக்காவின் மோட்டார் கம்பெனிகளில் பெரும்பாலானவை, வெளிப் பட்டறைகளிடம் பாகங்களை வாங்கிக் கோத்து வண்டியாக்குபவை. ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவு கேட்டார்கள். ஒரு பட்டறை திவாலானால் அதை நம்பியிருந்த கார் கம்பெனி தடுமாறியது. அந்த அளவில் அந்தப் பாகத்தைச் செய்ய வேறு ஆள் இல்லை. அந்த ஆண்டு மோட்டார் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் தலைவரானவர் ஹட்சன் கம்பெனியைச் சேர்ந்த ஹோவர்டு காஃபின். அவர் காலத்தில் தொடங்கிய தரப்படுத்தல் வேலையில் 1,600 வகை எஃகுக் குழாய்கள் 210 ஆகச் சுருங்கின. 800 வகை லாக் வாஷர்கள் 16 ஆயின. இதனால் எந்தக் கம்பெனியும் தன் தனித்தன்மையை இழந்துவிடவில்லை. ஒரு பட்டறை மூடினால் அடுத்த பட்டறையில் வாங்கலாம் என்ற நிலை வந்தது, அவ்வளவுதான்.

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. ‘லிபர்ட்டி’ என்ற ராணுவ டிரக்கை ஒரே வரைபடத்தில் பல கம்பெனிகள் செய்தன. ஒன்றின் பாகம் மற்றதில் பொருந்தியது. அடுத்த போரில் ஜீப் வந்தது. 1941இன் இறுதியில் வில்லிஸ் கம்பெனியின் வடிவத்தை அப்படியே பின்பற்றி ஃபோர்டும் ஜீப் செய்யத் தொடங்கியது. இரண்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. வரைபடம் ஒருவர் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்காததன் பயன் போரோடு முடியவில்லை. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஜீப்புக்குப் புதிய பாகம் கிடைக்கிறது. பிலிப்பைன்ஸில் அதன் முழு பாடியையே புதிதாக அடித்துக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் மகிந்திரா 1940களின் இறுதியில் ஜீப்பைக் கோக்கத் தொடங்கியதும் அதே வில்லிஸ் வழிவந்ததுதான். செய்த கம்பெனி பலமுறை கைமாறியும் ஜீப் அநாதையாகவில்லை.

சாதாரண பிக்கப்புக்கு நீண்டகாலம் இந்தப் பாதுகாப்பு வேறு வழியில் கிடைத்துவந்தது. 1925இல் ஃபோர்டு தன் மாடல்-டி வண்டியில் பின்பக்கச் சுமைப்பெட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அதன் அடியில் இருந்தவை இரும்பு ஆக்சிலும் கமான் பட்டையும். பின்னால் பல பத்தாண்டுகள் பிக்கப்புகள் பெரும்பாலும் இதே வழியில்தான் வந்தன. நம்மூர் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கமான் பட்டை உடைந்தால் நீளம், அகலம், கனம், வளைவு என நாலு அளவு போதும். எந்த ஸ்பிரிங் பட்டறையும் ஒரு பட்டையைச் சேர்த்துக் கொடுக்கும், தொய்ந்ததை வளைத்துக் கொடுக்கும். கேட்டலாக் தேவையில்லை. பாகத்தின் வரைபடம் பாகத்திலேயே இருந்தது.

1965இல் ஃபோர்டு இதிலிருந்து விலகியது. எஃப்-100 பிக்கப்பின் முன்பக்கத்துக்கு ‘ட்வின் ஐ-பீம்’ வந்தது. முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி எஃகுத் தடி. இடது சக்கரத்தின் தடி சேஸிஸின் வலப்பக்கத்தில் கீல் கொண்டது, வலது சக்கரத்தின் தடி இடப்பக்கத்தில். இரண்டும் ஒன்றையொன்று கடந்து செல்லும். மேலே காயில் ஸ்பிரிங், பின்னோக்கி இழுத்துப் பிடிக்க ரேடியஸ் ஆர்ம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது அசையாமல் நிற்கும். ஆனாலும் தடி தடியாகவே இருப்பதால் அடி தாங்கும். 1980இல் நான்கு சக்கர இயக்கமுள்ள எஃப்-150க்கும் பிராங்கோவுக்கும் இதே ஏற்பாடு வந்தது. முன் ஆக்சிலையே இரண்டு துண்டாக்கி, நடுவில் யுனிவர்சல் ஜாயின்ட் வைத்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே ஆடவிட்டார்கள். பின்னர் ரேஞ்சரும், 1991 முதல் 1994 வரையிலான எக்ஸ்ப்ளோரரும் இதே வழியில் வந்தன. அருமையான யோசனை என்றே நான் நினைக்கிறேன். கலிபோர்னியாவின் பாலைவனப் பந்தயக்காரர்கள் இன்றும் இந்தத் தடிகளைத் தேடிப் பிடித்து, வெட்டித் திருப்பி ஒட்டிப் பயன்படுத்துவது சும்மா இல்லை.

இந்த வண்டியை உயர்த்தும்போதுதான் சிக்கல். கரடுமுரடான பாதைக்காகவோ பெரிய டயருக்காகவோ நாலு அங்குலம் உயரமான காயில் ஸ்பிரிங்கை மட்டும் போட்டால், தடிகளின் வெளிமுனை கீழே சாய்ந்துவிடும். சக்கரங்களின் மேல்பகுதி வெளியே பிதுங்கும், டயர் ஓரம் தேயும். ஆகவே கீல் இருக்கும் இடத்தையும் கீழே இறக்கப் பிராக்கெட் வேண்டும். ரேடியஸ் ஆர்மை இறக்க வேண்டும், அல்லது நீளமானதாக மாற்ற வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழிறங்கிய பிட்மன் ஆர்ம், பிரேக்குக்கு நீண்ட ஹோஸ் என்று பட்டியல் நீளும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் லிஃப்ட் கிட். அந்தப் பிராக்கெட்டுகள் அந்தச் சேஸிஸுக்கு மட்டுமே பொருந்தும். ரேஞ்சருக்கு அடித்தது எஃப்-150க்கு உதவாது. கமான் பட்டைபோல் நாலு அளவில் அடங்குவதில்லை. துளையின் இடம் கொஞ்சம் பிசகினாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

1970களில் இந்தத் தொழில் செழித்தது. லூசியானாவின் வெஸ்ட் மன்றோ என்ற சிறு நகரத்தில் மட்டும் ஸ்கைஜாக்கர், சூப்பர்லிஃப்ட் என இரண்டு பெயர்பெற்ற நிறுவனங்கள் அந்தக் காலத்தில் முளைத்தன. புது மாடல் வந்தால் ஒன்றை வாங்கிவந்து, அளந்து, வெட்டி, ஓட்டிப் பார்த்துக் கிட் செய்த காலம் அது. லட்சக்கணக்கில் விற்ற வண்டிகள் என்பதால் வாங்குபவருக்கும் குறைவில்லை. ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் டிரக்காக இருந்து வருகிறது.

உயர்த்தப்பட்ட வண்டி தாய் கம்பெனியின் கையை விட்டுப் போய்விடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. உயர்த்தாத 1990 ரேஞ்சருக்குப் பால் ஜாயின்ட், புஷ், ஸ்பிரிங் எல்லாம் சாதாரண உதிரிபாகக் கடையில் இன்றும் கிடைக்கும். ஆறு அங்குலம் உயர்த்தியதற்கு அப்படி இல்லை. அதன் பிராக்கெட்டில் தேயும் புஷ், பனிக்காலத்தில் உப்புத் தூவிய சாலையில் துருப்பிடித்து விரிசல் விடும் ஆர்ம் எல்லாமே கிட் செய்தவரின் தனி அளவு. அவர் செய்யாவிட்டால் வேறு எவராலும் எளிதில் செய்ய முடியாது. ஆகவே ‘பழைய வண்டிக்கு அலங்காரச் சாமான் கிடைக்கவில்லையே என்று புலம்புகிறார்கள்’ என்று இதை ஒதுக்கிவிடுவது தவறு. சக்கரத்தைச் சேஸிஸோடு பிணைக்கும் பாகங்கள் இவை. ஆள் ஏறிப்போகும் வண்டியின் பத்திரம் சம்பந்தப்பட்டவை.

தயாரிப்பாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. காயில் ஸ்பிரிங்கை ஒன்றிரண்டாகச் சுற்ற முடியாது; கம்பியைக் காய்ச்சிச் சுற்றிப் பதப்படுத்தும் உலையை ஓட்டுவதற்கு ஒரு தொகுதியாவது வேண்டும். அந்தத் தொகுதி விற்றுத் தீர ஆண்டுகள் ஆனால் கிடங்கு வாடகையே லாபத்தைத் தின்னும். வெளிநாட்டு எஃகுக்கு 2018இல் 25 சதவீத வரி வந்தது, 2025இல் அது 50 சதவீதமானது. 2011 செப்டம்பர் முதல் எல்லாப் புது இலகு வண்டிகளிலும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயமானதால், புது மாடலுக்குக் கிட் செய்பவர் அதோடு ஒத்துப்போவதைச் சோதித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பொறியாளர்களின் நேரம் அங்கே போகிறது. 2018இன் ஜீப் ரேங்லர், 2021இன் புது பிராங்கோ என்று சந்தை அங்கேதான் கூடுகிறது. இத்தனைக்கும் நடுவே, மாதம் ஒன்று விற்கும் 1988 மாடலின் பிராக்கெட்டை எதற்காக அடிக்க வேண்டும் என்று ஒரு மேலாளர் கேட்டால் அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிட் செய்யும் கம்பெனிகளே கைமாறுகின்றன. பி.டி.எஸ். சஸ்பென்ஷனின் தாய் நிறுவனத்தை ஃபாக்ஸ் நிறுவனம் 2014இல் வாங்கியது. ப்ரோ காம்ப், ருபிகான் எக்ஸ்பிரஸ் பெயர்களை வைத்திருந்த டிரான்ஸ்அமெரிக்கன் ஆட்டோ பார்ட்ஸைப் பொலாரிஸ் 2016இல் 66.5 கோடி டாலருக்கு வாங்கி, 2022இல் வீல் ப்ரோஸ் நிறுவனத்துக்கு விற்றது. பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம் 2024இல் திவால் பாதுகாப்புக் கோரியது. வாங்குவதும் விற்பதும் குற்றமில்லை. ஆனால் பழைய லிஃப்ட் கிட்டின் அறிவு பெரும்பாலும் கணினிக் கோப்பில் இருந்ததில்லை. பழைய வரைபடத் தாளிலும், ஒட்டும் மேடையில் பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் ஜிக்கிலும், அதை அமைத்த வெல்டரின் நினைவிலும் இருந்தது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும், ஒரு கைமாற்றத்தில் பழைய ஜிக் இரும்புக் கடைக்குப் போனால் அந்தப் பாகம் இரண்டாம் முறை சாகிறது. அதன்பின் யார் விரும்பினாலும் செய்வது கடினம்.

சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் 1966 முதல் 1977 வரையிலான முதல் தலைமுறை பிராங்கோவைக் காட்டுவார்கள். உண்மைதான், அதற்குப் புத்தம்புது பாடியே ஃபோர்டின் உரிமத்தோடு விற்கிறது. சேகரிப்பாளர்கள் ஏலத்தில் பெரும் பணம் கொட்டும் வண்டி அது. ஒரு தச்சரின் 1989 ரேஞ்சருக்கு அந்த ஏல மேடை கிடையாது. அழகான பழசுக்குப் பாகம் உண்டு, உழைக்கும் பழசுக்கு இல்லை என்று சந்தை தீர்ப்பளித்திருக்கிறது. இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

சட்டமும் கைகொடுப்பதில்லை. பத்தாண்டுகள் பாகம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் பல அமெரிக்கர்கள் நம்புகிறார்கள். அப்படிப் பொதுவான கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. தாய் கம்பெனிக்கே இல்லாத கடமையை வெளிக் கம்பெனியின் தலையில் கட்டவும் முடியாது, கட்டவும் வேண்டாம். விற்காத பாகத்தை நட்டத்தில் அடித்துக்கொண்டே இருங்கள் என்று கேட்பது நியாயமாகாது. என் வழக்கு வேறு. 1980களின் காப்புரிமைகள் எல்லாம் காலாவதியாகிவிட்டன. அந்தப் பிராக்கெட்டை யாரும் செய்யலாம், சட்டம் தடுக்காது. தடுப்பது அளவு தெரியாததுதான். விற்பனையை நிறுத்தும் உரிமை கம்பெனிக்கு உண்டு. இனி காசு தராத வரைபடத்தைப் பெட்டிக்குள் வைத்துப் புதைப்பதில் யாருக்கும் லாபமில்லை, வண்டிக்காரருக்கு மட்டும் நட்டம்.

வரைபடத்தை வெளியிட்டால் எவனோ மட்டமான எஃகில் அடிப்பான், உடைந்தால் எங்கள்மேல் வழக்கு வரும் என்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் இன்று நடப்பது என்ன? அளவு கிடைக்காதவர் வீட்டுக் கொட்டகையில் கண்மதிப்பில் வெட்டி ஒட்டுகிறார். எஃகின் ரகம், தகட்டின் கனம், ஒட்டின் நீளம், போல்ட் முறுக்கு எல்லாம் எழுதிய தாள் அவர் கையில் இருந்தால் சாலை இன்னும் பத்திரமாகும். நேரடியாகப் பொதுவில் வைக்கத் தயக்கமென்றால் தகுதியுள்ள சிறு பட்டறைகளுக்கு உரிமமாகக் கொடுக்கலாம். வாகனக் கம்பெனிகளிடமே இதற்கு முன்மாதிரி இருக்கிறது: டொயோட்டா 2020இல் தொடங்கிய பாரம்பரியப் பாகத் திட்டத்தில், நிறுத்திவிட்ட பாகங்களை மறுபடி செய்கிறது, லேண்ட் குரூஸர் 40 வரிசையும் அதில் சேர்ந்தது.

அமெரிக்கச் சஸ்பென்ஷன் தொழிலுக்கு இது இன்னும் எளிது. 1963இல் தொடங்கிய சீமா என்ற ஆஃப்டர்மார்க்கெட் சங்கத்தில் ஒரு திட்டம் உண்டு. ஃபோர்டு போன்ற வாகனக் கம்பெனிகள் புது வண்டிகளின் கணினி வரைபடங்களை அதன் வழியாக உறுப்பினர்களுக்குக் கொடுக்கின்றன. புது பிக்கப்புக்குச் சீக்கிரமே கிட் கொண்டுவர அது உதவுகிறது. அடுத்தவர் வரைபடத்தைப் பெற்று வளரும் தொழில் இது. தன் பழைய வரைபடத்தைப் பகிர்வது அதற்கு அந்நியமான காரியமாக இருக்கக் கூடாது.

ஆகவே அந்தச் சங்கத்திடமும் அதன் உறுப்பினர்களிடமும் கேட்பது இவ்வளவுதான். ஒரு பாகத்தை நிறுத்துவதற்கு ஓராண்டு முன்பே அறிவித்துக் கடைசி ஆர்டர் எடுங்கள். நிறுத்தும் நாளில் அதன் வரைபடத்தையும் எஃகு விவரத்தையும் சங்கத்தின் பொறுப்பில் ஒப்படையுங்கள். ஜிக்கை இரும்புக்குப் போடும் முன் கேட்கும் பட்டறைக்கு எடைவிலைக்குக் கொடுங்கள். வண்டி வைத்திருப்பவர்களே, உங்கள் கிட்டின் பிராக்கெட் இன்னும் முழுசாக இருக்கும்போதே கழற்றி, அட்டையில் வைத்து வரைந்து, துளைகளின் இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். அதே மாடல் ஓட்டும் அடுத்தவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.