நாற்பத்தைந்து நிமிடத் தீர்ப்பு

ஜூலை பிறந்தால் நம் ஊரில் ஒரு கூட்டத்துக்கு ஒரு வியாதி வந்துவிடுகிறது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் கால்பந்துக் கிளப்புகள் கோடை விடுமுறை முடிந்து பயிற்சிக்குத் திரும்பும் மாதம் அது. சீசன் தொடங்க இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கும். அதற்குள் உடம்பைப் பழக்குவதற்காகச் சில ஆட்டங்கள் ஆடுவார்கள். பிரஞ்சில் ‘மாத்ச் அமிக்கால்’ என்று பெயர். நட்பு ஆட்டம் என்று பொருள். நட்பெல்லாம் பெயரில்தான். மறுநாள் காலை கடற்கரைச் சாலையில் நடந்து பாருங்கள். அந்த ஆட்டத்தில் அரைமணி நேரம் ஓடிய ஒரு பதினேழு வயதுப் பையனைத் தூக்கி வைப்பதா, தூக்கி எறிவதா என்று அறுபது, எழுபது வயதுக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். ஒருவர் “அடுத்த எம்பாப்பே இவன்தான்” என்பார். இன்னொருவர் “இவன் காலில் பந்தே நிற்கவில்லை, விற்றுத் தொலைக்கட்டும்” என்பார்.

புதுச்சேரிக்காரர்களுக்குப் பிரஞ்சுக் கால்பந்து எதற்கு என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் பாரிசிலோ சார்செலிலோ இருக்கிற ஊர் இது. 1982இல் செவில் நகரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் பெனால்டியில் தோற்றதற்கு இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நானும் அந்தக் கணக்கில் சேர்ந்தவன். எனவே ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரு பயிற்சி ஆட்டத்தை வைத்துச் சிறு பிள்ளைகளுக்குத் தீர்ப்பு எழுதுவது தவறு என்பதுதான் என் கட்சி. இகழ்வது தவறு. புகழ்வது அதைவிடப் பெரிய தவறு. கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படியுங்கள்.

முதலில், பயிற்சி ஆட்டம் என்பது என்ன? பயிற்சியாளர் வெற்றிக்காக அதை வைப்பதில்லை. காலையில் கடுமையாக ஓடவிட்டு, கால் கனத்துப்போன நிலையிலேயே மாலையில் ஆட்டத்துக்கு இறக்குவார்கள். முதல் பாதிக்கு ஒரு பதினோரு பேர், இரண்டாம் பாதிக்கு முழுதாக வேறு பதினோரு பேர் என்பது சாதாரணம். எதிரணி பல சமயம் இரண்டாம் மூன்றாம் படியில் ஆடுகிற கிளப்பாக இருக்கும். அவர்களுடைய தயாரிப்பும் வேறு கட்டத்தில் இருக்கும். இடது பக்கம் ஆடுகிற பையனை வேண்டுமென்றே வலது பக்கம் நிறுத்திப் பார்ப்பார்கள். “பந்து கிடைத்தால் முன்னால் போகாதே, பின்னால் கொடு” என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்தக் கட்டளை நமக்குத் தெரியாது. யூடியூபில் பார்க்கிற நமக்குத் தெரிவது, பையன் பந்தைப் பின்னால் கொடுக்கிறான் என்பது மட்டும்தான். உடனே “தைரியம் இல்லாத பயல்” என்று முத்திரை குத்திவிடுகிறோம். கோப்பின் ஒரே ஒரு தாளைப் படித்துவிட்டுக் குறிப்பு எழுதுகிற வேலை இது.

இரண்டாவது, பழைய பதிவேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். நம் தலைமுறைக்குக் கடவுள் மாதிரி இருந்த மிஷேல் பிளாத்தினியை மெத்ஸ் கிளப் சேர்த்துக்கொள்ளவில்லை. மருத்துவச் சோதனையில் மூச்சு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து ஊரான நான்சி கிளப் எடுத்துக்கொண்டது. 1983, 1984, 1985 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து ஐரோப்பாவின் தங்கப் பந்து அவருக்குத்தான் கிடைத்தது. 1984 ஐரோப்பியக் கோப்பையில் ஐந்தே ஆட்டத்தில் 9 கோல் போட்டார். மூச்சுக்கு என்ன குறைச்சல் என்று மெத்ஸ்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

அது பழங்கதை என்றால், அண்மைக் கதைக்கு வாருங்கள். 2018 ஜூலை 15, மாஸ்கோ. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். குரோஷியாவை 4–2 என்று பிரான்ஸ் வென்றது. அன்று களம் இறங்கிய பதினோரு பேரில் மூவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கான்ட்டே: ஆள் குள்ளம் என்று பெரிய பயிற்சி மையங்கள் அவரைத் தொடவில்லை. பாரிசுக்குப் பக்கத்தில் சுரேன் என்ற சிறு ஊர்க் கிளப்பில் ஆடினார். பிறகு பூலோன், கான் என்று படிப்படியாக ஏறி, 2015இல் இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் போனார். மறு ஆண்டே லெஸ்டர் சாம்பியன். கிரீஸ்மான்: உயரம் போதாது என்று பல பிரஞ்சுக் கிளப்புகள் கைவிட்டன. பதின்மூன்று பதினான்கு வயதில் மொழி தெரியாத ஸ்பெயினுக்குப் போய் ரியல் சொசியேதாதில் வளர்ந்தார். ஜிரூ: இருபத்தொரு வயதில் மூன்றாம் படியில், இஸ்த்ர் என்ற கிளப்பில் கடன் ஆட்டக்காரராக ஆடிக்கொண்டிருந்தார். 2012இல் மோன்பெலியே அணி சாம்பியன் ஆனபோது 21 கோல் போட்டார். பிரான்ஸ் நாட்டுக்காக மிக அதிகக் கோல் போட்டவர் என்ற சாதனையையும் பிறகு எட்டினார். மொத்தம் 57.

இந்த மூன்று பேரையும் பதினெட்டு வயதில் ஏதோ ஒரு ஜூலை மாதப் பயிற்சி ஆட்டத்தில் நாம் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ஒருவன் குள்ளம், இன்னொருவன் நோஞ்சான், மூன்றாமவன் மந்தம். அவ்வளவுதான். கதை முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி எழுந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். “ரொனால்டோவை மறந்துவிட்டீரா?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. 2003 ஆகஸ்ட் 6. லிஸ்பனில் புது மைதானத் திறப்பு விழா. ஸ்போர்ட்டிங் அணி மான்செஸ்டர் யுனைட்டெடை 3–1 என்று ஒரு நட்பு ஆட்டத்தில் தோற்கடித்தது. பதினெட்டு வயது ரொனால்டோ எதிரணியைச் சுற்றவிட்டார். சில நாளில் மான்செஸ்டர் அவரை 1.2 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. “பார்த்தீரா, ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிட்டது!” என்பார்கள்.

தெரியவில்லை ஐயா. அந்த ஆட்டத்துக்கு முன்பே மான்செஸ்டர் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தது. துணைப் பயிற்சியாளர் கார்லோஸ் கெய்ரோஸ் போர்ச்சுகல்காரர். அந்நாட்டுக் கால்பந்தை உள்ளும் புறமும் அறிந்தவர். பல மாதம் சேர்த்த குறிப்புக்கு அந்த ஆட்டம் கடைசிக் கையெழுத்து மட்டுமே. இன்னொன்றும் நினைவில் வையுங்கள். மான்செஸ்டரில் முதல் சீசனில் லீக் ஆட்டங்களில் ரொனால்டோ போட்டது 4 கோல். “வித்தை காட்டுகிறான், பலன் இல்லை” என்று அதே ரசிகர்கள்தான் முணுமுணுத்தார்கள். ஒரு ஆட்டத்தை வைத்துத் தூக்கியவர்கள் ஒரு சீசனில் இறக்கினார்கள். இரண்டு முறையும் அவர்கள் கணக்கு தவறு. பொறுத்திருந்த பயிற்சியாளர் கணக்குத்தான் சரி.

இகழ்ச்சியைவிடப் புகழ்ச்சி கெடுதல் என்றேனே, அதற்கு வருகிறேன். இகழப்பட்ட பிள்ளை ரோஷத்தில் எழுந்துவிடக்கூடும். கான்ட்டேயும் ஜிரூவும் எழுந்தார்கள். புகழப்பட்ட பிள்ளைக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. ஃபிரெடி அடு என்ற பையனை நினைவிருக்கிறதா? கானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவன். 2004 ஏப்ரலில், பதினான்கு வயதில், அமெரிக்கத் தொழில்முறை லீகில் இறக்கினார்கள். பெலேயோடு சேர்த்து விளம்பரத்தில் நடிக்க வைத்தார்கள். அடுத்த பெலே என்றார்கள். பிறகு போர்ச்சுகல், பிரான்ஸ், கிரீஸ், துருக்கி, பிரேசில், செர்பியா, ஃபின்லாந்து என்று அந்தப் பையன் கிளப் கிளப்பாக அலைந்தான். பதினான்கு வயதில் ஏற்றி வைத்த இடத்துக்குக் கடைசிவரை அவனால் வந்து சேர முடியவில்லை.

பிரான்சில் குர்குஃப் கதையும் அதே ரகம்தான். ‘சின்ன ஜிடான்’ என்று பட்டம் கட்டினார்கள். 2009இல் போர்தோ அணியைச் சாம்பியனாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அது சின்னக் காரியமா? ஆனால் மறு ஆண்டு 2.2 கோடி யூரோவுக்கு லியோனுக்குப் போய், காயத்தின்மேல் காயம் பட்டு ஒளி மங்கியபோது, குர்குஃப்பாக அவர் செய்ததை எவரும் எண்ணவில்லை. ஜிடானாக ஆகவில்லையே என்றுதான் வைதார்கள். யாரோ ஒருவருடைய சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, அளவு பொருந்தவில்லை என்று பிள்ளையை அடிப்பது என்ன நியாயம்?

“நாம் இங்கே திண்ணையில் பேசுவது அங்கே யாருக்குக் கேட்கப் போகிறது?” என்று ஒரு நண்பர் கேட்டார். முன்பு கேட்காது. இப்போது கேட்கும். இன்றைய பதினேழு வயதுப் பையன் ஆட்டம் முடிந்து பூட்ஸ் கழற்றுமுன் கைப்பேசியைத்தான் எடுக்கிறான். தன் பெயரைத் தேடிப் படிக்கிறான். அவன் அம்மாவும் படிக்கிறாள். தரகரும் படிக்கிறார். நாலு பேர் புகழ்ந்தால் தரகர் விலையை ஏற்றுகிறார். நாலு பேர் ஏசினால் கிளப் நிர்வாகத்துக்குக் கைகழுவ ஒரு சாக்கு கிடைக்கிறது. நம் பேரப்பிள்ளைகளே நம்மைவிட வேகமாக அந்தக் கூச்சலில் சேர்ந்துகொள்கிறார்கள். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்?

பிரான்சில் 1973 முதல் தொழில்முறைக் கிளப்புகள் பயிற்சி மையம் நடத்த வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. 1988இல் பாரிசுக்குத் தென்மேற்கே கிளேர்ஃபோந்தேனில் தேசிய மையம் திறந்தது. ஆன்ரியும் எம்பாப்பேயும் அங்கே பயின்றவர்கள்தான். உலகமே பொறாமைப்படும் முறை அது. ஆனால் அந்த மையங்களில் சேருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் தொழில்முறை ஒப்பந்தம் பெறாமலே வெளியே வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தூரத்து உறவில் ஒரு பையன் அப்படி ஒரு கிளப்பில் மூன்று வருஷம் இருந்தான். ஒரு கோடைக்காலப் பயிற்சி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டான். குடும்பமே பாரிசிலிருந்து இங்கே வரைக்கும் தொலைபேசியில் கொண்டாடியது. அவன் தகப்பனார் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். பையன் படிப்பை விட்டான். அடுத்த ஜூனில் இரண்டு வரிக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் மோசமான ஆட்டக்காரன் அல்லன். அந்த இரண்டு கோலுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து போட்ட விலைதான் மோசம்.

நான் அரசாங்க எழுத்தராக இருந்தவன். ஓர் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தால் இரண்டு வருஷம் தகுதிகாண் பருவம். அதுவரை பிழை செய்தால் திருத்துவார்கள், பழக்குவார்கள், குறிப்பு எழுதுவார்கள். இரண்டு வருஷம் முடிந்த பிறகுதான் நிரந்தரம் பற்றிய பேச்சே வரும். கடிதத்துக்கு வரிசை எண் போடுகிற வேலைக்கே இரண்டு வருஷம் பொறுக்கிற உலகம், எண்பதாயிரம் பேர் முன்னால் பந்து ஆடப்போகிற பிள்ளைக்கு நாற்பத்தைந்து நிமிடம் கொடுக்கிறது!

சரி, பயிற்சி ஆட்டத்தைப் பார்க்கவே கூடாதா? தாராளமாகப் பாருங்கள். கோலை எண்ணாதீர்கள், அவ்வளவுதான். பந்து தன்னிடம் வருமுன் பையன் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறானா என்று கவனியுங்கள். பந்தை இழந்தவுடன் கையை விரித்து நிற்கிறானா, திரும்ப ஓடுகிறானா என்று பாருங்கள். தவறு செய்த சக ஆட்டக்காரனிடம் என்ன முகம் காட்டுகிறான் என்று பாருங்கள். ஜிரூ 2018 உலகக் கோப்பையில் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆனாலும் பயிற்சியாளர் தேஷான் அவரை இறுதி ஆட்டம்வரை வைத்திருந்தார். பந்து இல்லாதபோது அவர் செய்த வேலையைத் தேஷான் பார்த்தார். நாம் பலகையில் விழும் எண்ணை மட்டும் பார்க்கிறோம்.

பார்த்ததை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். தீர்ப்பை டிசம்பருக்குத் தள்ளி வையுங்கள். அதற்குள் லீகில் பதினைந்து ஆட்டமாவது முடிந்திருக்கும். மழையும் குளிரும் தோல்வியும் பையனைத் தொட்டிருக்கும். அப்போது அவனைப் பற்றி விடிய விடியப் பேசலாம், நானும் வருகிறேன். அதுவரை, கடற்கரைச் சாலை நண்பர்களே, பிள்ளைகளைக் கொஞ்சம் ஆட விடுங்கள்.