ஃபால்ஸ் சீலிங்குக்கு முன்னாடி பீமுக்குக் காசு எடுத்து வைங்க

அப்பா கட்டின பழைய வீட்டுல ரெண்டு சின்ன ரூமுக்கு நடுவுல இருக்குற சுவரை எடுத்துட்டு ஒரே பெரிய ரூமாக்கணும், ஓரமா ஒரு வொர்க் ஃப்ரம் ஹோம் டேபிள். இப்போ நிறைய பேரோட பிளான் இதுதான். கொட்டேஷன்ல டைல்ஸ், பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங், லைட்டுன்னு எல்லாம் இருக்கும். பீம்னு ஒரு வரி இருக்காது. அந்தச் சுவர் கூரையைத் தாங்குதா இல்லையான்னு தெரியாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஒரு கணக்கு போடுவோம். சுவர் 12 அடி நீளம், ரெண்டு பக்கமும் ரூம் 10 அடி அகலம். 5 இன்ச் தளம் நேரா அந்தச் சுவர் மேல உட்கார்ந்திருந்தா, அது சுமக்குறது சுமார் 120 சதுர அடி. காங்கிரீட் மட்டுமே 3 டன்னுக்கு மேல. மாடியில 1,000 லிட்டர் டேங்க் இருந்தா, தண்ணி மட்டும் தனியா 1 டன். மெட்ராஸ் டெரஸ் வீடுன்னா இன்னும் கவனம்: மரக்கட்டைகளோட முனை சுவருக்குள்ள இருக்கும், ஈரமும் கரையானும் பிடிக்கிறது அங்கதான். கீழே நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது.

கொத்தனார் "ஒண்ணும் ஆகாது சார்"னு சொல்வார். அவர் அனுபவசாலியாவே இருக்கட்டும். பீம் சைஸை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் எழுதித் தரணும், முட்டு கொடுத்த பிறகுதான் சுவர்ல கை வைக்கணும்.

இதுக்கு ரொம்பச் செலவாகும்னு பயப்படுறோம். உதாரணத்துக்கு, 200 மி.மீ. ஐ பீம் 4 மீட்டர் சுமார் 100 கிலோ. கிலோ 65 ரூபாய்னு வெச்சா இரும்பு 6,500 ரூபாய். உங்க வீட்டுக்கு இதைவிடப் பெரிய சைஸே தேவைப்படலாம். கூலி, முட்டு, இன்ஜினியர் ஃபீஸ் எல்லாம் தனி.

அந்தக் காசை லோன்லயே மிச்சம் பிடிக்கலாம். 3 லட்சம், 5 வருஷம்: 14% பர்சனல் லோன்னா இ.எம்.ஐ. சுமார் 6,980. 9% வீட்டுச் சீரமைப்பு லோன்னா 6,230. மொத்த வித்தியாசம் கிட்டத்தட்ட 45,000 ரூபாய்! பேப்பர் வேலை கொஞ்சம் அதிகம், ப்ராசஸிங் ஃபீஸையும் பார்த்துக்கோங்க. வரிச் சலுகையை மட்டும் நம்பாதீங்க. நாமே குடியிருக்குற வீட்டுச் சீரமைப்பு வட்டிக்கு பழைய வரி முறையில வருஷம் 30,000 வரைதான், புது முறையில அதுவும் கிடையாது.

ஃப்ளாட்ல இருக்கீங்களா? மைவான் முறையில கட்டினதுன்னா உள்சுவரே காங்கிரீட், பெரும்பாலும் பாரம் தாங்குற சுவர். அதை எடுக்குற பிளானையே விட்டுடுங்க.