பெயரில் மட்டும் புல்

பின்லாந்தின் வட கோடியான லப்லாந்துக்கு டிசம்பரில் போகிற உல்லாசப் பயணிகள் தவறவிடாத காரியம் ஒன்று உண்டு. பனிமான் பண்ணை ஒன்றுக்குப் போய், சறுக்குவண்டியில் ஏறி, காட்டுக்குள் ஒரு சுற்று வருவது. வண்டி என்கிறோமே தவிர அதற்குச் சில்லு கிடையாது. தாழ்வான மரத்தொட்டி, அடியில் இரண்டு சறுக்குக் கட்டைகள், உள்ளே விரித்த மான்தோல், மடியில் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி, அவ்வளவுதான். முன்னால் ஒரே ஒரு மான், பிடிக்க ஒரே ஒரு கயிறு. பெரும்பாலும் அது நடைதான். ஓட்டம் என்று சொன்னால் நம் ஊர் வண்டில் சவாரிக்காரர்கள் சிரிப்பார்கள். மான் நடக்கும்போது அதன் காலில் ‘டிக், டிக்’ என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருக்கும். பாதத்து எலும்பின்மேல் தசைநார் வழுக்கி விழுகிற சத்தம் அது. சவாரி முடிந்ததும் கூடாரத்துக்குள் நெருப்போரம் இருத்தி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, ‘மான் ஓட்டும் லைசன்ஸ்’ என்று விளையாட்டாக ஒரு அட்டையையும் எழுதிக் கையில் தந்து அனுப்புகிற பண்ணைகள் உண்டு.

இதில் பொத்துவிலுக்கு என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது என்பது என் எண்ணம். ஹபரணைப் பக்கம் ஹிரிவடுன்னயில் வெளிநாட்டாரை மாட்டு வண்டிலில் ஏற்றி, குளத்தில் தோணியில் கொண்டுபோய், ஓலைக் குடிசையில் சோறு போட்டு அனுப்புகிற கிராமச் சுற்றுலா நன்றாகவே ஓடுகிறது. நம்முடைய பொத்துவில் களப்பிலும் மீனவர்கள் தங்கள் தோணியிலேயே ஆட்களை ஏற்றிக் கண்டல் மரங்களுக்கிடையே முதலையும் கொக்கும் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். அப்படியானால் எருமைப் பட்டியையும் ஏன் காட்டக்கூடாது, வண்டில் ஒன்றைப் பூட்டி ஏன் ஓட்டக்கூடாது என்று யாருக்கும் தோன்றும். தோன்றுவதில் பிழையில்லை. ஆனால் லப்லாந்துக்காரர்களைப் பார்த்து நாம் எடுக்கவேண்டியது சவாரியை அல்ல. அந்தச் சவாரி நிற்பது சறுக்குக் கட்டையில் அல்ல, சட்டம் காத்து வைத்திருக்கிற மேய்ச்சல் தரையில். அது இல்லாமல் வண்டிலை மட்டும் பூட்டினால் சில வருடங்களில் வண்டில் இருக்கும், பூட்ட ஒன்றும் இருக்காது.

பின்லாந்தில் 1990இல் இயற்றிய பனிமான் வளர்ப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடிய பகுதியை மான் வளர்ப்புப் பிரதேசம் என்று அது வகுத்திருக்கிறது. அந்தப் பிரதேசத்துக்குள் நிலம் அரசுடையதா, தனியாருடையதா என்று பாராமல் மான் மேயலாம். வடபகுதியில் அரசுக் காணியை மான் வளர்ப்புக்குக் கணிசமான இடைஞ்சல் வரும்படி வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது. அப்படி ஒரு திட்டம் வருமானால் முதலில் மான்காரர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும். பலிஸ்குந்தா என்று பெயர் கொண்ட இந்தச் சங்கங்கள் 54 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு, எத்தனை மான் வைத்திருக்கலாம் என்ற உச்ச அளவும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய இரண்டு இலட்சம். புல்லையும் பாசியையும் தின்று தீர்த்துவிடாமல் இருக்கத்தான் இந்த வரம்பு. காட்டில் கலந்து திரிகிற மான்களை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்றால், கன்றாக இருக்கும்போதே காதில் வெட்டுக்குறி போட்டு விடுகிறார்கள். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒவ்வொரு வெட்டு, எல்லாம் பதிவேட்டில். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாட்டுக்குக் குறி சுடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம்மிடமும் குறியைப் பதிவதற்கு 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் இருக்கிறது. மாடு யாருடையது என்று எழுதிவைக்க நமக்குத் தெரியும். அந்த மாடு எங்கே மேய்வது என்று எழுதிவைக்கத்தான் கை வரவில்லை.

சறுக்குவண்டிக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1960களின் தொடக்கம் வரை லப்லாந்தில் வண்டி இழுக்கும் மான் என்பது வேடிக்கைப் பொருள் அல்ல. விறகு, மீன், கடைச் சாமான், நோயாளி எல்லாம் அதில்தான் போய்வந்தது. பிறகு பனியில் ஓடும் மோட்டார் வண்டி வந்தது. பத்து வருடம் முடிவதற்குள் இழுவை மான்கள் வேலையிழந்தன. பெர்த்தி பெல்தோ என்ற மானிடவியலாளர் செவெத்தியார்வி என்னும் ஊரில் இருந்து இதைக் கவனித்து 1973இல் ஒரு நூலாகவே எழுதினார். இயந்திரம் வாங்க முடிந்தவர்கள் பெரிய மந்தைக்காரர்களாக நின்றார்கள், முடியாத சிறியவர்கள் தொழிலை விட்டு விலகினார்கள் என்பது அவர் கண்டதன் சாரம். இன்று அங்கே மிஞ்சியிருக்கிற வண்டி மான்கள் பெரும்பாலும் உல்லாசப் பயணிகளுக்காகவும் ஓட்டப் போட்டிக்காகவும்தான் பழக்கப்படுகின்றன. நம் பக்கத்திலும் இதே கதைதான் நடந்தது. சேற்று வயலை எருமை கொண்டு மிதித்த காலமும், களத்தில் சூடு மிதித்த காலமும் போய், லேண்ட்மாஸ்டரும் அறுவடை மெசினும் வந்துவிட்டன. வேலை போன எருமை நமக்கு இன்று தயிர்ச் சட்டியில் மட்டும் ஞாபகம் வருகிறது. ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே மான் வேலையை இழந்தது, தரையை இழக்கவில்லை. அதனால்தான் இறைச்சித் தொழில் நிலைத்தது. மான்காரரின் பிரதான வருமானம் இன்றும் இறைச்சிதான். இறைச்சி நிலைத்ததால் மந்தை நிலைத்தது, மந்தை நிலைத்ததால்தான் பத்து மானைப் பிரித்தெடுத்துச் சவாரிக்குப் பழக்க ஆள் இருந்தது. சவாரி அந்தத் தொழிலின் கிளை. நாம் கிளையை மட்டும் ஒடித்துக்கொண்டு வந்து நடப் பார்க்கிறோம்.

பொத்துவில் பக்கத்து மாட்டின் ஒரு வருடத்தைப் பார்த்தால் இடி எங்கே விழுகிறது என்று தெரியும். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை முடிந்ததும் பட்டிகள் வயலுக்கு இறங்கும். வைக்கோலும் தாள் அடியும் இருக்கும், எருவும் வயலுக்கு ஆகும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கோடையில் வற்றுகிற குளத்து வாய்களில் பச்சைப் புல் கிடக்கும். எருமை கழுத்துவரை சேற்றில் கிடந்து அசைபோடும். பக்கத்து அறுகம்பேக்கு அலைச்சறுக்க ஆட்கள் வருகிற காலமும் அதுதான். ஓட்டோவில் போகிற வெள்ளைக்காரர் நிறுத்திப் படம் எடுப்பார். எல்லாம் வளமாக இருப்பதுபோலத் தெரியும். ஒக்டோபரில் மழை தொடங்கும்போது கதை மாறும். போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில் விதைக்கிற திகதியோடு சேர்த்து, கால்நடைகளை வயல் வெளியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டிய கடைசித் திகதியையும் தீர்மானிப்பார்கள். அந்தத் தீர்மானம் நியாயமானது. வேளாண்மைக்குள் மாடு இறங்கினால் விவசாயி அழிந்துபோவான். ஆனால் அப்புறப்படுத்து என்றால் எந்தப் புறத்துக்கு? காட்டோரம் முன்பு திறந்து கிடந்த தரைகள் பலவும் இன்று வயலாகவோ, மின்வேலி போட்ட வனமாகவோ, யாரோ ஒருவருடைய உறுதிக் காணியாகவோ மாறிவிட்டன. கூட்டத்தில் திகதி சொல்லியாகிவிடும், இடம் சொல்லியாகாது. பட்டிக்காரர் தன்பாட்டுக்குப் போவார். மாடு பிறகு வயலுக்குள் வரும். பிடித்துக் கட்டுவார்கள், தண்டம் கட்டுவார்கள், கைகலப்பும் வரும். கட்டாக்காலி மாட்டைப் பிடிக்கும் சட்டம் நமக்கு 1876இலிருந்து இருக்கிறது. பின்லாந்துச் சட்டத்தில் மான் பயிரைத் தின்றால் நட்டஈடு கொடுப்பது சங்கம். எந்த மான் என்று தேடி விவசாயி அலைய வேண்டியதில்லை. அடுத்த முறை சங்கமே மானைக் கட்டுப்படுத்தும், ஏனென்றால் பணம் அதன் பெட்டியிலிருந்து போகிறது.

பணக்கார நாட்டை வைத்துப் பேசுகிறாய் என்று சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் பணக்கார நாட்டிலும் புல்லுக்குச் சண்டை பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது. நோர்வேயில் ஃபோசன் என்ற இடத்தில் ஸாமி மக்களின் மேய்ச்சல் மலையில் பெரிய காற்றாலைகளை நாட்டினார்கள். (ஸாமி என்பது அந்த ஆதிக்குடியின் பெயர், கோயில் சம்பந்தம் இல்லை.) 2021 ஒக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது ஸாமிகளின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது, அனுமதி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புக்குப் பிறகும் காற்றாலை சுழன்றுகொண்டே இருந்தது. 2023இல் இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சு வாசல்களை அடைத்து உட்கார்ந்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில்தான் மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக வீதியோரம் கூடாரம் போட்டு உட்கார்ந்ததும். தேசத்தின் வருமானம் எவ்வளவானாலும் புல்தரையைக் கையாளுகிற புத்தி தனி. அதுவுமன்றி, சட்டத்தில் எல்லை போட காசு அதிகம் தேவைப்படுவதில்லை. எங்கே எல்லை என்று முடிவெடுக்கத்தான் துணிவு தேவை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் நெல்லின் பக்கமிருந்து வரும். அம்பாறை மாவட்டம் நாட்டுக்கே சோறு போடுகிற மாவட்டம், மாட்டுக்காகக் காணியை விடச் சொல்வது எப்படி என்று கேட்பார்கள். வட்டமடுவில் பால்பண்ணையாளர், நெல் செய்கையாளர், வனப் பாதுகாப்புத் திணைக்களம் என்று மூன்று தரப்பும் ஆண்டுக்கணக்கில் இழுபடுவது இந்தக் கேள்வியின் முடிச்சுத்தான். ஒரு தரப்பு தமிழர், ஒரு தரப்பு முஸ்லிம் என்று அதை இனப் பிரச்சினையாகப் பேசுகிறவர்கள் உண்டு. இரு பக்கமும் கடன்பட்டு உழைக்கிறவர்கள் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. நெல்லுக்கு எதிராக நான் பேசவில்லை. எல்லாக் காணியிலும் மாடு மேயட்டும் என்று பின்லாந்தைப்போல இங்கே சொல்லவும் முடியாது. அங்கே சதுரக் கிலோமீற்றருக்கு இரண்டு, மூன்று பேர்தான், இங்கே அப்படியல்ல. ஆனால் ஒக்டோபரிலிருந்து பெப்ரவரி வரையிலான ஐந்து மாதங்களுக்குப் பட்டிகள் நிற்க எல்லை கீறிய ஒரு தரை, அதில் எத்தனை மாடு என்ற வரம்பு, சேதத்துக்குப் பொறுப்பேற்கும் ஒரு சங்கம் ஆகிய மூன்றும் நெல்லையும் காக்கிறவைதான். வரம்பு என்ற பேச்சு பட்டிக்காரருக்குக் கசக்கும் என்பதும் தெரியும். எண்ணிக்கையைப் பெருமையாக நினைக்கிற தொழில் அது.

காட்டைப் பற்றிய கேள்விக்கு என் பதில் சுருக்கம். பொத்துவிலுக்கு மேற்கே லகுகல தேசிய வனம் 1,554 ஹெக்டெயர் மட்டுமே. 1980இல் பிரகடனம் செய்தது, குளத்துப் புல்லை நம்பி யானைகள் வந்து நிற்கிற இடம். குமணவும் அப்படி மிருகங்களுக்கு ஒதுக்கியது. அங்கே பட்டியை விடக்கூடாது. வீட்டு எருமை காட்டெருமையோடு கலப்பதும், கோமாரி நோய் பரவுவதும் இரு பக்கத்துக்கும் கேடு. மேய்ச்சல் தரை தனியாக வேண்டும் என்பதற்கு இதுவே இன்னொரு நியாயம்.

சவாரி மிருக வதை என்பவர்களோடு நான் பாதி உடன்படுகிறேன். லப்லாந்தில் வண்டி இழுக்க வைப்பது பெரும்பாலும் காயடித்த ஆண் மான். அதைப் பொறுமையாகச் சில வருடம் பழக்குகிறார்கள். பனியில் வண்டி வழுக்குவதால் பாரம் குறைவு. குளிர் அதன் உடம்புக்குச் சொந்தமான காலநிலை. நம் எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, கருந்தோல் வெயிலை உறிஞ்சும், நண்பகலில் சேறு இல்லாமல் அதற்கு ஆகாது. ஜூலை வெயிலில் மணல் பாதையில் நான்கு தடியர்களை ஏற்றி அதை இழுக்க வைப்பது வியாபாரம் அல்ல, கொடுமை. ஆகவே பொத்துவிலுக்கு எருமைச் சவாரி வேண்டாம் என்பதே என் கட்சி. காட்டுவதற்கு வேறு இருக்கிறது. விடியற்காலையில் காலையடியில் கன்றை அவிழ்த்து இரண்டு வாய் ஊட்டவிட்டு, தாய் பால் இறக்கியதும் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறக்கிற வேகம். காய்ச்சிய பாலை விரல் சுடாத சூட்டில் உறை ஊற்றிச் சட்டிகளை வரிசையாகத் துணியால் மூடுவது. மறுநாள் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர் இதைப் பார்க்கட்டும். பார்வையாளருக்காக வேஷம் கட்டத் தேவையில்லை என்பது இதில் இன்னொரு நன்மை. வேஷம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் லப்லாந்திலேயே உதாரணம் உண்டு. ஸாமி அல்லாதவர்கள் ஸாமி உடையைப் போலி செய்து அணிந்து பயணிகளை வரவேற்றதை அம்மக்கள் பல வருடம் எதிர்த்தார்கள். பின்லாந்தின் ஸாமி நாடாளுமன்றம் 2018இல் சுற்றுலாவுக்கென்று நெறிகளையே வகுக்க வேண்டியதாயிற்று.

அறுகம்பே என்ற பெயர் எப்படி வந்தது என்று பல கதைகள் சொல்வார்கள். எதுவானாலும் பெயரில் அறுகம்புல் இருக்கிறது. பருவம் முடிந்து, கடைசி அலைச்சறுக்குக்காரரும் பலகையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறின பிறகு, ஒக்டோபர் மழையில் விதைப்புத் தொடங்கும். ஆரம்பக் கூட்டத்தில் குறித்த திகதிக்கு முந்திய நாள், குறி சுட்ட பட்டிகள் வீதியில் ஏறி, வாகனங்களை மறித்து, வடக்கா மேற்கா என்று தெரியாமல் நிற்கும்.