மழைச் செய்தி மழைக்கு முன்னே வரவேண்டும்

வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னை வானிலை ஆய்வு மையம் வெளியிடும் மழை அளவுப் பட்டியலில் பேசின் பிரிட்ஜ், மணலி, எண்ணூர் ஆகிய பெயர்களைக் காணலாம். துறைமுகமும் ரயில் பாதைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி அது. அங்கே பெய்த மழையைத் தெரிந்துகொண்டு விவசாயிக்கு ஆகப்போவது என்ன என்று சிலர் நினைக்கக்கூடும்.

ஆகப்போவது நிறைய உண்டு. இந்தப் பருவத்தில் மேகம் பெரும்பாலும் கடலிலிருந்து கரை ஏறுகிறது. ராயபுரமும் திருவொற்றியூரும் எண்ணூரும் அதற்கு வாசற்படி. வாசலில் கொட்டும் மழை சற்று நேரத்தில் புழல், சோழவரம் பக்கத்து வயல்களுக்கு வரக்கூடும். மேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் நகர்வதாக வைத்துக்கொண்டால், 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்கு 40 நிமிட அவகாசம் கிடைக்கிறது. அந்த 40 நிமிடத்தில் யூரியா போடுவதை நிறுத்தி மூட்டையைக் கட்டிவிடலாம். களத்தில் காயும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போடலாம். நவரை நாற்றங்காலுக்கு வடிகால் வெட்டிவிடலாம்.

அதே செய்தி ஒரு மணி நேரம் கழித்து வந்தால் நனைந்த நெல்லைப் பார்த்துக்கொண்டு படிப்பதற்குத்தான் உதவும்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை

சென்னைத் துறைமுகத்தில் 2002-ஆம் ஆண்டிலிருந்து டாப்ளர் ராடார் இருக்கிறது. அது பழுதாகி நின்ற காலங்களும் உண்டு. அப்போது கைகொடுக்க ஸ்ரீஹரிகோட்டாவிலும் காரைக்காலிலும் ராடார்கள் இருக்கின்றன. 2022-இல் பள்ளிக்கரணையிலும் ஒன்று சேர்ந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டார அளவில் வானிலை அறிவிப்புத் தருகிறது. மாநில அரசும் 1,400 தானியங்கி மழைமானிகள், 100 தானியங்கி வானிலை நிலையங்கள் என்று திட்டமிட்டு நிறுவ முன்வந்தது. இவையெல்லாம் பாராட்டத்தக்கவையே.

ஆனால் கருவி அளந்த நேரத்துக்கும், அந்த அளவு குடியானவர் காதில் விழும் நேரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதை யாரும் கணக்கிட்டுச் சொல்வதில்லை. "அடுத்த 3 மணி நேரத்தில் இடியுடன் மழை" என்று அறிவிப்பு வருகிறது. அது இரண்டு மணி நேரம் வழியில் தங்கிவிட்டால் கைக்கு வருவது ஒரு மணி நேர எச்சரிக்கைதான். அலுவலகம் அனுப்பிய நேரத்தை வைத்துச் சேவையை மதிப்பிடுவது சரியல்ல. வயலில் இருப்பவர் அறிந்த நேரத்தை வைத்தே மதிப்பிட வேண்டும்.

தடை எங்கே ஏற்படுகிறது?

முதல் தடை கருவியிலேயே இருக்கலாம். தானியங்கி மழைமானிக்குள் தராசுத் தட்டுப் போல இரண்டு சிறு கிண்ணங்கள் உண்டு. ஒன்று நிறைந்ததும் சாய்ந்து நீரைக் கொட்டும். மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் ஓர் எண்ணிக்கையாகப் பதிவாகும். புனலில் சருகோ பறவை எச்சமோ அடைத்துக்கொண்டால் கிண்ணம் சாயாது. கொட்டுகிற மழையிலும் கருவி "0" என்றே சொல்லும். இது தாமதத்தைவிட மோசம். செய்தி வராவிட்டால் சந்தேகமாவது வரும். "0" என்று வந்தால் மழை இல்லை என்றே நம்பிவிடுவார்கள். வடசென்னை போன்ற இடங்களில் உப்புக் காற்றும் ஆலைப் புகையும் வேறு. சூரியத் தகடு அழுக்குப் படிந்தால் பாட்டரி இறங்கிவிடும். அதிலும் பல நாள் வெயில் இல்லாத அடைமழைக் காலத்தில்தான் அது இறங்கும்.

இரண்டாவது தடை செய்தி போகும் பாதையில். சில நிலையங்கள் செயற்கைக்கோள் வழியாகவும், சில செல்போன் கோபுரம் வழியாகவும் அளவை அனுப்புகின்றன. புயலில் மின்சாரம் போனால் கோபுரமும் சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். செய்தி மிகவும் தேவைப்படும் வேளையில் பாதை அடைபடுகிறது.

மூன்றாவது தடை படிக்கும் இடத்தில். வானிலைத் துறையின் ராடார் படங்களில் பல உலகப் பொது நேரத்தைக் காட்டுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. படத்தில் 03:00 என்றிருந்தால் நமக்குக் காலை 8.30. இதை அறியாதவர் புதிய படத்தைப் பழையது என்று ஒதுக்கிவிடுவார். செல்போனில் தங்கிவிட்ட நேற்றைய படத்தை இன்றையது என்று நம்புவோரும் உண்டு. ஆகவே படத்தைப் பார்க்குமுன் அதன் நாளையும் நேரத்தையும் பார்த்து, ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கால் மணிக்கு மேலாகியும் நேரம் மாறாவிட்டால் ஒரு முறை மூடித் திறக்கலாம். அப்படியும் மாறாவிட்டால் அதை நம்பாமல் வானொலியைக் கேட்பதோ, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 எண்ணில் கேட்பதோ நல்லது.

மழை அளவின் தேதியிலும் கவனம் தேவை. காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேர மழை, முடிந்த நாளின் கணக்கில் எழுதப்படுகிறது. 2023-இல் காயல்பட்டினத்தில் பதிவான 95 சென்டிமீட்டர் மழை டிசம்பர் 18-ஆம் தேதிப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் 17-ஆம் தேதி காலையிலிருந்து பெய்த மழை அது. பயிர்க் காப்பீட்டுக்கு மனு எழுதுவோர் இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது. அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் பருவம் தவறிய மழையில் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது காப்பீட்டு விதி. தேதியில் குழப்பம் வந்தால் நஷ்டம் விவசாயிக்கே.

வாக்குவாதம் வயலைக் காக்காது

அந்த 2023 வெள்ளத்தின்போது எச்சரிக்கை போதிய அளவில் முன்கூட்டி வரவில்லை என்று மாநில அரசு சொன்னது. முன்னரே எச்சரித்தோம் என்று மத்திய அரசு தரப்பில் பதில் வந்தது. யார் சொன்னது சரி என்பதை அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு அறிவிப்பிலும் அளந்த நேரம், வெளியிட்ட நேரம், காலாவதியாகும் நேரம் மூன்றும் இந்திய நேரத்தில் அச்சிடப்பட்டிருந்தால் இத்தகைய வாக்குவாதத்துக்கே இடமிராது.

எண்களை வயலுக்கேற்ற யோசனையாக மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும் என்பதும் முக்கியம். 2018-லிருந்து நாட்டில் 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. அவை 2024-இல் மூடப்பட்டன. தானியங்கிக் கருவிகள் இருக்கும்போது ஆட்கள் எதற்கு என்பது அப்போது சொல்லப்பட்ட வாதம். "நாளை 4 சென்டிமீட்டர்" என்று கருவி சொல்லும். "நாளை மருந்து அடிக்காதீர்கள், மடையைத் திறந்து வையுங்கள்" என்று மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முடிவதற்குள் எல்லா மழைமானிகளின் புனலையும் தகட்டையும் துடைத்து, பாட்டரியைச் சோதித்துவிட வேண்டும். இந்த வேலையை உள்ளூர் ஊராட்சியிடமே கூலி கொடுத்து ஒப்படைக்கலாம். "மழை இல்லை" என்பதையும் "செய்தி இல்லை" என்பதையும் பட்டியலில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். தண்டோரா போடுவது 2022-இல் நிறுத்தப்பட்டு ஒலிபெருக்கிக்கு மாறச் சொன்னார்கள். அந்த ஒலிபெருக்கி மழை எச்சரிக்கைக்கும் முழங்க வேண்டும். செல்போன் இல்லாத வீட்டிலும் நெல் காய்கிறது.

விவசாயிகளும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள தகர டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30-க்கு அடிக்கோலால் அளந்து நோட்டில் குறித்து வரலாம். ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். பத்து விவசாயிகள் இப்படிக் குறித்து வைத்தால், கருவி பேசாத நாளில் அந்த ஊருக்கு ஒரு சாட்சி இருக்கும். "எங்கள் ஊர் அளவு ஏன் வரவில்லை?" என்று குறைதீர்க்கும் கூட்டத்தில் நோட்டை வைத்துக்கொண்டு கேட்கவும் முடியும்.