கைகோப்பதா, சேலை வீசுவதா?

பாலாற்றில் நீர்ப் பாதுகாப்பைப் பற்றி எழுதவிருக்கிறோம் என்றதும் எம் காஞ்சிபுரத்து நண்பர்கள் நகைத்தனர். முதலில் ஆற்றுக்குத் தண்ணீரை மீட்டுத் தாருங்கள், மனிதர்களை மீட்பதைப் பிறகு பார்க்கலாம் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இல்லாமலில்லை. கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் கடல் சேரும் 348 கிலோமீட்டர் நீள ஆறு இது. இதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் இருந்தும், ஆண்டின் பெரும்பகுதி நாம் காண்பது மணலும் சீமைக்கருவேலமுமே. ஆனால் 2021 நவம்பரில் இதே ஆற்றில் விநாடிக்கு இலட்சம் கன அடிக்கு மேல் நீர் வந்தது. வாலாஜாபாத் – அவளூர் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடியது. காஞ்சியில் ஒரு தலைமுறை, தன் ஊர் ஆற்றை ஆறாக முதன்முறை பார்த்தது அப்போதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

வறண்ட ஆறு ஓடும் ஆற்றைவிட ஆபத்தானது என்பது எம் வாதம். ஓடும் ஆற்றின் கரையில் வளர்கிற பிள்ளைக்கு எந்தத் துறையில் இறங்கலாம், எங்கே சுழல், எந்தப் பருவத்தில் நீர் இழுக்கும் என்பதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்துவிடும். வறண்ட ஆற்றங்கரையில் அந்த அறிவு ஒரே தலைமுறையில் அற்றுப்போகிறது. அற்றுப்போன பின்னர், ஒரு மழைக்காலத்தில், நீர் மட்டும் திரும்பி வருகிறது.

வரும் நீரும் பழைய நீர் அல்ல. மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றின் அடியில் அப்படியே கிடக்கின்றன. இயற்கையான ஆற்றுப்படுகை மெல்லச் சரிந்து ஆழமாகும். இயந்திரம் தோண்டிய பள்ளமோ கிணற்றுச் சுவர்போல் இறங்கும். முழங்கால் அளவு நீரில் நடப்பவன் அடுத்த அடியில் ஆளுயரத்துக்கும் கீழே போகிறான். விளிம்பைப் பற்றினால் மணல் சரிந்து கையோடு வருகிறது. கலங்கிய நீரில் பள்ளம் மேலிருந்து தெரிவதுமில்லை. தடுப்பணைகளின் கதை வேறு. பாலாற்றில் பழையசீவரத்திலும் ஈசூர் – வள்ளிபுரத்திலும் கட்டப்பட்டவை நிலத்தடி நீருக்கு நல்லவை. அதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தடுப்பைத் தாண்டி விழும் நீர் அடியில் சுருண்டு மீண்டும் அணையை நோக்கியே திரும்புகிறது. அந்தச் சுருளில் அகப்பட்டவனை, நீச்சல் தெரிந்தவனேயானாலும், அது எளிதில் விடாது. மேலே நின்று பார்ப்பவர்க்கு அது குளிப்பதற்கு ஏற்ற சிறு அருவியாகத் தோன்றுவதுதான் கொடுமை.

இவையெல்லாம் ஒருவரின் மரணத்துக்குக் காரணம். நாங்கள் எழுத வந்தது இரண்டாமவரின் மரணத்தைப் பற்றி.

2022 ஜூன் 5 அன்று கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றின் தடுப்பணையருகே குளிக்கச் சென்ற சிறுமியரும் இளம்பெண்களுமாக எழுவர் இறந்தனர். 2023 ஏப்ரல் 5 அன்று சென்னையை அடுத்த மூவரசம்பட்டில் கோயில் குளத்துத் தீர்த்தவாரியின்போது ஐந்து இளைஞர்கள் இறந்தனர். இரண்டிலும் நிகழ்ந்தது ஒன்றே. ஒருவர் மூழ்க, அவரைப் பிடிக்க இன்னொருவர் போக, அவரைப் பிடிக்க அடுத்தவர் போனார். மூழ்குபவர் கெட்டவர் அல்லர், ஆனால் அந்தக் கணத்தில் அவர் தன் வசத்தில் இல்லை. அருகில் வருவது எதுவாயினும் அதன்மேல் ஏறித் தலையை நீருக்கு மேலே கொணர உடல் தானாக முயல்கிறது. காப்பாற்றப் போனவர் படிக்கட்டாகிவிடுகிறார். திரைப்படத்தில் வருவதுபோல் மூழ்குபவர் கூவி அழைப்பதுமில்லை. வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போய்வருகையில் மூச்சு வாங்கவே நேரம் போதாதபோது கூவுவது எப்படி? கையசைக்கவும் முடியாது, கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள், ஓசையின்றி, முடிந்துவிடுகிறது.

இங்கே இலக்கிய வாசகர்களாகிய நம் பங்கையும் பேசியாக வேண்டும். நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் நீரில் ஒருவர் தத்தளித்தால் நாயகன் என்ன செய்வான்? குதிப்பான். கரையில் நின்று கயிறு தேடுபவனை நாம் கோழையாகவோ கோமாளியாகவோதான் படைத்திருக்கிறோம். உயிரைத் துச்சமென எண்ணிப் பாய்வதே வீரம் என்ற ஒற்றைச் சித்திரம் நம்முள் அவ்வளவு ஆழப் பதிந்திருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் குளக்கரையில் நிற்கும்போது அவனுக்கு வேறு எந்த வழியும் நினைவுக்கு வருவதில்லை. மரித்த பிள்ளைகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் செய்தது அன்பின் காரியம். அந்த அன்புக்கு ஒரு முறையைக் கற்பிக்காமல் விட்டது நம் குறை.

வேறு முறை நம்மிடம் இல்லாமலும் இல்லை. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினர். அங்கே இருந்த மூன்று பெண்கள் தாம் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசினர். இருவர் பிழைத்தனர், இருவர் இறந்தனர். அவ்வாண்டின் கல்பனா சாவ்லா விருதை அரசு அப்பெண்களுக்கு வழங்கியது. செய்தித்தாள்கள் மானத்தையும் பொருட்படுத்தாத தியாகம் என்று எழுதின. எமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்களுடைய மதி. தாம் போகாமல், தம்மிடமிருந்த நீளமான ஒன்றை அனுப்பினார்கள். உலகெங்கும் நீர்மீட்பாளர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடம் அதுதான்: முதலில் கழியை நீட்டு, எட்டாவிட்டால் கயிற்றையோ மிதப்பதையோ வீசு, அதுவும் ஆகாவிட்டால் படகில் போ; நீந்திப் போவது கடைசி வழி, அதுவும் பயின்றவருக்கு மட்டும். ஆறு கஜச் சேலைக்குப் பெயர்போன ஊரில் இதை எழுத நேர்ந்திருப்பதை என்னவென்பது!

இலங்கையின் கற்பிட்டிக் களப்பிலும் நம் இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் வெளிநாட்டாரும் நம்மவரும் கைட்போர்டிங் பழகுகிறார்கள். பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் பூட்டிக்கொண்டு, காலடியில் பலகையோடு, காற்றின் இழுப்பில் நீர்மேல் விரையும் விளையாட்டு. பணக்காரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். எம்மில் சிலர் ஒதுக்கவும் செய்தனர். ஆனால் அதன் பயிற்சி முறை கவனிக்கத்தக்கது. பழகுபவர் பலகைமேல் நிற்பதற்கு முன்பே பட்டத்தைத் தம்மிடமிருந்து ஒரே தள்ளலில் கழற்றிவிடக் கற்கிறார். பிறகு நூலைச் சுற்றி, காற்றடைத்த பட்டத்தையே தெப்பமாக்கிக் கரை சேரக் கற்கிறார். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் இறங்கக்கூடாது என்பதும் தனியே போகக்கூடாது என்பதும் பாடங்கள். தொடக்க ஆண்டுகளில் இவ்விளையாட்டில் சாவுகள் நேர்ந்தன. அதைக் கண்டு எவரும் தடைப் பலகை நட்டுவிட்டுப் போய்விடவில்லை. கழற்றும் கொக்கியைத் திருத்தினார்கள். 2020இல் அதற்கென ஒரு சர்வதேசத் தர நெறியே வந்தது. பொழுதுபோக்குக்காக நீரில் இறங்குபவனுக்கு இத்தனை ஏற்பாடு. ஆடு மேய்க்கவும் துணி துவைக்கவும் தீர்த்தமாடவும் இறங்குபவர்க்கு நம் ஏற்பாடு ‘ஆழமான பகுதி, குளிக்காதீர்’ என்ற தகரப் பலகையும், பின்னர் அறிவிக்கப்படும் நிவாரணத் தொகையும்.

பணமில்லாத நாடு செய்ய முடியாதது என்று யாரும் சொல்ல வேண்டாம். வங்கதேசத்தில் ஊர்க்குளத்திலேயே மூங்கில் மேடை கட்டிச் சிறு பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கிறார்கள். 25 மீட்டர் நீந்தவும், அரை நிமிடம் மிதக்கவும், நீரில் இறங்காமல் மற்றவரைக் கழியால் இழுக்கவும் தெரிந்தால் தேர்ச்சி. கழியால் இழுப்பது பாடத்தின் பகுதி என்பதைக் கவனியுங்கள். உலகில் ஆண்டுதோறும் சுமார் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்று கணக்கிடும் உலக சுகாதார நிறுவனமும், பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் பொதுமக்களுக்குப் பாதுகாப்பான மீட்பும் கற்பிப்பதையே பரிந்துரைக்கிறது. நம் பள்ளிகளில் இதற்குக் குளம் கட்டவேண்டியதில்லை. மைதானத்தில் கயிறு வீசிப் பழகலாம். மூடியிட்ட காலித் தண்ணீர்க் கேன் ஒருவரை மிதக்கவைக்கும் என்று காட்டலாம். கரை சேர்த்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லலாம். வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு நின்றவருக்கு முதல் தேவை வாய்வழி மூச்சு, அதனுடன் மார்பழுத்தம்.

பேரிடர் மீட்புப் படையின் நான்காம் படைப்பிரிவு காஞ்சிக்கு அருகே அரக்கோணத்தில்தான் இருக்கிறது. வெள்ளம் வருமுன் அவர்கள் வந்து நிற்கலாம். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் சாவுக்கு அவர்களால் வந்துசேர முடியாது. அங்கே அந்தக் கணம் நிற்பவரே மீட்புப் படை.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டு உண்டு. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலைக்கு வைத்தியர், அறுவை மருத்துவர், மருந்து கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள், இரவில் எரியும் விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அதில் நிவந்தம் எழுதப்பட்டிருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலையேறி, அங்கிருந்து ஆற்றைக் கடந்து இங்கே எழுந்தருள்கிறார்; ஆயிரக்கணக்கானோர் மணலில் கூடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், பள்ளங்களில் நீர் நிற்கும். அறநிலையத் துறையும் ஊராட்சிகளும் அடுத்த தைக்குள் செய்ய வேண்டியது இவ்வளவே: நீர் நிற்கும் பள்ளங்களைச் சுற்றிக் கழி நட்டுக் கயிறு கட்டுவது, கரையில் இருபது அடிக்கு ஒரு வீசுகயிறும் மிதவையும் வைப்பது, அவற்றை வீசத் தெரிந்த பத்துப் பேரை அன்று முழுதும் அங்கே நிறுத்துவது. அந்தப் பத்துப் பேரில் நெசவாளர் வீட்டுப் பெண்களும் இருக்கட்டும்.