விளையாட்டுத்தானே என்று விட்டுவிடலாமா?



'அரசுப் பள்ளியில் பாடம் எங்கே நடக்கிறது? பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து விளையாட அல்லவா விடுகிறார்கள்!' இந்தக் குறையைச் சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? இதைச் சொல்லித்தானே கடன் வாங்கியாவது ஆங்கில வழிப் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றி அனுப்புகிறோம்?

வேன் என்றதும் வேறொரு வண்டி நினைவுக்கு வருகிறது. இருக்கன்குடி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன்னே ஊருக்குள் நுழையும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. தூக்கம் கலையாத பிள்ளைகள் அதில் ஏறிப் போய்க் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10-ல், சிவகாசியை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், சட்டத்தை மீறும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2016-ல் 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றார்கள். (குடும்பத் தொழில் என்ற சந்தைத் திறந்தே வைத்தார்கள்!)

மீட்டோம், சரி. மீட்ட பிள்ளையை என்ன செய்தோம்? குச்சிக்கட்டை முன் குனிந்திருந்த தலையைப் புத்தகத்தின் முன் குனிய வைத்தோம். கையைக் கட்டு, வாயைப் பொத்து!

ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பெட்டி ஒட்டிய வீட்டுப் பிள்ளைக்கு இது வாய்ப்பாடு அல்ல, வயிற்றுப்பாடு. அதே பிள்ளை கரும்பலகையில் 12 பெருக்கல் 12 என்று பார்த்ததும் விழிப்பது ஏன்? 1985-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த 5 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். கடையில் வாங்குபவராகக் கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே கணக்குகளை வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 தான்! மூளையில் கோளாறில்லை, கேட்ட விதத்தில்தான் கோளாறு.

இங்கேதான் விளையாட்டு வருகிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்தில் 1972-ல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்துக்கு 1978-ல் வந்த அரவிந்த் குப்தா என்ற பொறியாளர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் கொண்டு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். துண்டு டியூப்பில் குச்சிகளைச் செருகி முக்கோணம் செய்தால் அசையாது. சதுரம் செய்தால் சாய்ந்துவிடும். பாலத்துச் சட்டங்களில் ஏன் அத்தனை முக்கோணம் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். மருந்து தடவாத குச்சிக்கு நம் வட்டாரத்தில் பஞ்சமா? எங்கோ ஹோசங்காபாத்தில் பாடமான குச்சி, இங்கே கூலிக்கணக்காக மட்டுமே இருந்ததே, என்ன கொடுமை!

நம் பாட்டிமாரின் பல்லாங்குழி எதற்குக் குறைந்தது? 14 குழி, குழிக்கு 5 என்றால் 70 முத்து. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டிப் பார்ப்பது கணக்கல்லாமல் வேறென்ன?

அரசு முயலாமல் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-ல் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகளும் ஏணிப்படியும் கீழ்மட்டக் கரும்பலகையும் வந்தன. கொரோனா இழப்பை ஈடுகட்ட 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஆனால், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கட்டி மேய்க்கும் பள்ளியில் அட்டை என்ன செய்யும்? ஆட்டம் முடிந்ததும் 'ஏன் இந்தக் குழியை எடுத்தாய்?' என்று கேட்க ஆள் வேண்டும். கேட்க ஆளில்லாத விளையாட்டு வெறும் பொழுதுபோக்குத்தான். அங்கே பெற்றோர் சொல்லும் குறை நூற்றுக்கு நூறு நியாயம்.

ஆகவே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். 'ஏன் விளையாட விடுகிறீர்கள்?' என்று கேட்காதீர்கள். அலமாரியில் பூட்டிய அட்டைகளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். காலிப் பணியிடம் எத்தனை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழிக் கட்டையைத் துடைத்து, அந்த வகுப்பறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.